லைட்டை மட்டும் அணைத்துக் கொடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்தப் பக்கம் போனாலும், ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் சற்று நேரம் உட்கார்ந்தால் இந்த வேண்டுகோள் காதில் விழாமல் போகாது: “ஏனுங்க, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, அந்த லைட்டை மட்டும் அணைத்துக் கொடுத்துவிடுங்கள்.” மீட்டர் போர்டில் எரியும் எச்சரிக்கை லைட்டைத்தான் சொல்கிறார். சொல்பவர் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருப்பவராக இருக்கலாம், கோபிப் பக்கம் மஞ்சள் போட்டிருப்பவராக இருக்கலாம், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவராகவும் இருக்கலாம். கடைக்காரரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகி, காரின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் எர்ரரை அழித்து, கூலியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். ஸ்கேனர் இல்லாத கடையில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டுவார்கள். லைட் போய்விடும். கொஞ்ச நாளில் திரும்ப வரும். வந்தால் என்ன, இன்னொரு முறை அணைத்துக்கொள்ளலாம் என்று அவரும் திரும்ப வருவார்.

இப்படிக் கேட்பவர்களை விவரம் இல்லாதவர்கள் என்று ஒதுக்கவும் முடியவில்லை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920-இல் ஜி.டி. நாயுடு பஸ் ஓட்டத் தொடங்கிய சீமை இது. இயந்திரத்தோடு புழங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். பம்ப்செட் ஓடும் சத்தத்தை வரப்பில் நின்று கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்லும் ஆள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. என் பெரியப்பா டீசல் இன்ஜினின் புகை நிறத்தைப் பார்த்தே அதற்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவார். காதும் மூக்கும் அந்த அளவுக்குப் பழகியவருக்கு, மீட்டர் போர்டில் ஒரு மஞ்சள் பொட்டு வந்து நின்று, என்ன ஆயிற்று என்று சொல்லாமல் ஏதோ ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னால் எரிச்சல்தான் வரும். எரிச்சலோடு சந்தேகமும் சேர்ந்துகொள்கிறது. என் சித்தப்பா மகனின் காரில் ஏர்பேக் லைட் எரிந்தபோது, ஒரு சர்வீஸ் நிலையத்தில் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் பாகத்தையே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். தொகையைப் பார்த்துவிட்டு அவன் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். பொள்ளாச்சியில் தெரிந்த எலக்ட்ரீஷியன் முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சாமான் மூட்டை இடித்துத் தளர்ந்திருந்த கனெக்டரை அழுத்தி மாட்டினார். எர்ரரை அழித்ததும் லைட் போயிற்று, பிறகு வரவே இல்லை. இப்படி ஒன்றைப் பார்த்த குடும்பத்தில் அடுத்த லைட்டை யார் நம்புவார்கள்?

ஆக, சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. என் வழக்கு சந்தேகத்தின் மேல் இல்லை. அதை எல்லா லைட்டுக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டுக் கொடுக்கிறார்களே, அதன் மேல்தான். மஞ்சள் லைட்டை வருடக்கணக்கில் வைத்து ஓட்டி ஒன்றும் ஆகாமல் தப்பியவர், அதே தைரியத்தில் சிவப்பு ஆயில் லைட்டோடும் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்கிறார்.

காதுக்கு எட்டாதவை

எண்ணெய்க் கிண்ணி போன்ற அந்தச் சிவப்பு லைட்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை அநேகமாக எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆயில் குறைந்துவிட்டது, ஊருக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்பதுதான் பொதுவான எண்ணம். அந்த லைட் சொல்வது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. ஆயில் பம்ப் அனுப்பும் ஆயில் போதிய அழுத்தத்தோடு போனால்தான் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் நிற்கும். அந்தப் படலத்தின் மேல்தான் இன்ஜின் சுழல்கிறது. அழுத்தம் விழுந்தால் இரும்பும் இரும்பும் உரசத் தொடங்கிவிடும். சத்தத்தைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருக்கும் பெரியப்பா வகையறா இங்கேதான் தோற்றுப்போகிறது. இன்ஜினிலிருந்து ‘டொக் டொக்’ என்று கேட்கும்போது பேரிங் ஏற்கெனவே போயிருக்கும். காதுக்கு எட்டும் முன்பே சொல்வதற்காகத்தான் அந்த லைட்டை வைத்திருக்கிறார்கள்.

அதனால் ஓடும்போது ஆயில் லைட் எரிந்தால் ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை என்ற பேச்சே கூடாது. சமமான இடத்தில் சில நிமிடம் விட்டு ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கலாம். வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். எங்கள் கிராமத்துச் சாலைகளில் வெள்ளைக் கோடுகூட இல்லாமல் திடீரென்று எழுந்து நிற்கும் வேகத்தடைகள் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பை உடைப்பதில் தேர்ந்தவை. ஆயில் குறைவாக இருந்து, ஊற்றியதும் லைட் அணைந்தால் பிழைத்தோம். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கும் வேலை மட்டும் மிச்சம். ஆயில் சரியான அளவில் இருந்தும் லைட் எரிகிறது என்றால் பம்ப்போ, அடைத்துக்கொண்ட சல்லடையோ, சில சமயம் அழுத்தத்தை அளக்கும் சுவிட்சோ காரணமாக இருக்கலாம். எது என்று சாலையோரத்தில் நின்று ஸ்டார்ட் செய்து பார்த்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணம் இன்ஜின் வேலைக் கூலியோடு ஒப்பிட்டால் டீச்செலவு.

சூட்டு லைட்டுக்கு எங்கள் ஊர்த் தண்ணீரோடு ஒரு தொடர்பு உண்டு. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளை விட்டுவிடுங்கள். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்காதவர்கள் இல்லை. அதே தண்ணீரைத்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறையும்போதெல்லாம் பாட்டிலில் பிடித்து ஊற்றுகிறோம். ரேடியேட்டரின் குழாய்களுக்குள்ளும் அதே வெள்ளைதான் படிகிறது. பிறகு ஒரு சித்திரை வெயிலில், ஏ.சி. போட்டு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் சிவப்பு எரிகிறது. பல சிறிய கார்களில் இப்போது சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு, நடுவில் மௌனம். முள் இருக்கும் கார்களிலும் அதைப் பெரும்பாலும் சூடு ஓரளவு கூடிக் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் மேலே ஏறுகிறது என்றால் நேரம் கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போது ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஓரம் கட்ட இடம் கிடைக்கும் வரை ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவது உதவும். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள், ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். இடம் கிடைத்ததும் நிறுத்தி அணைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை. ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜின் மேல் குடத்தோடு தண்ணீரைக் கொட்டுவதும் வேண்டாம். இன்ஜினின் மேல் பாகமான அலுமினிய ஹெட் வளைந்தால் ஹெட் கேஸ்கட் போய்விடும், அதன் பிறகு ஹெட் வேலைதான். அவசரத்துக்கு, இன்ஜின் ஆறிய பிறகு, கிடைத்த தண்ணீரை ஊற்றி ஊர் வந்து சேரலாம். வந்தபின் அதை முழுதாக வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டை ஊற்ற வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நாங்கள் யாரும் செய்வதில்லை.

பிரேக் லைட் விஷயத்தில் லைட்டை அணைக்கும் வித்தை இன்னும் நைச்சியமானது. ஆழியாற்றிலிருந்து வால்பாறை போய்த் திரும்புகிறவர்கள், இறக்கத்தில் வளைவு திரும்பும்போது மட்டும் அந்தச் சிவப்பு வட்டம் மினுக்கி மறைவதாகச் சொல்வார்கள். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நியாயம். அது இறங்கியிருந்தால் விஷயம் வேறு. பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்து கீழ்க்கோட்டை ஒட்டி இருக்கும்போது, வளைவில் அது ஒரு பக்கம் சாய, மிதவை இறங்கி லைட் எரிகிறது. ஆயில் ஏன் குறைந்தது? ஒழுக்கு இல்லை என்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த அளவுக்கு, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் முன்னே வர, அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. இந்த நேரத்தில் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றினால் லைட் அணைந்துவிடும், பேட் தேய்ந்த செய்தியும் சேர்ந்து அணைந்துவிடும். பிறகு புது பேட் போடும்போது பிஸ்டன் பின்னே போக, அதிகப்படி ஆயில் டப்பாவை விட்டு வழியும். வழிவதைப் பார்க்கும் மெக்கானிக் முன்னால் என்ன நடந்தது என்று புரிந்துகொள்வார். மிதியில் காலை வைத்ததும் பஞ்சு போல அமுங்கினாலோ, வழக்கத்தைவிடக் கீழே போனாலோ லைட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வண்டியை எடுக்கக் கூடாது.

பேட்டரி லைட் இவற்றில் சாது. டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்கிறது, அவ்வளவுதான். பேட்டரியில் இருப்பதை வைத்து, ஏ.சி.யையும் மற்றவற்றையும் அணைத்துவிட்டுப் பக்கத்து ஊர் வரை போய்விடலாம். ஆனால் பல வண்டிகளில் டைனமோவைச் சுற்றும் பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் அடுத்துச் சூடு ஏறும். ஆகவே பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பக் கூடாது.

மஞ்சள் சொல்வதும் சொல்லாததும்

மஞ்சளில் அதிகம் வசை வாங்குவது இன்ஜின் லைட். நிலையாக எரிந்தால் பதற்றம் வேண்டாம், அந்த வாரத்துக்குள் காட்டினால் போதும். மினுக்கினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அது புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அப்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, மெதுவாகப் பக்கத்துப் பட்டறைக்குப் போவதே நல்லது. ஸ்பார்க் பிளக்கோ காயிலோ மாற்றும் செலவோடு முடிய வேண்டியது, விட்டால் பல மடங்காகும்.

ஸ்கேன் போட்டவுடன் திரையில் வருவதை நோயின் பெயர் என்று எடுத்துக்கொள்வது இரண்டு பக்கமும் நடக்கும் தவறு. பி0171 என்று வந்தால், பெட்ரோலுக்கு இருக்க வேண்டியதைவிடக் காற்று அதிகம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. கிழிந்த ரப்பர் ஹோஸ் வழியாகக் காற்று புகுந்திருக்கலாம், ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு இருக்கலாம், இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் சோர்ந்திருக்கலாம். திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லும் கடையைவிட்டு நான் எழுந்து வந்துவிடுவேன். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி, எர்ரரை அழிக்காமல் இன்னொரு கடையில் காட்டலாம். அழித்துவிட்டால், எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் அது முதலில் வந்தது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்ததும் சேர்ந்தே போய்விடும்.

ஏ.பி.எஸ். லைட் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், வழுக்கும் சாலையில் சக்கரம் இறுகிப்போகாமல் காக்கும் ஏற்பாடு மட்டும் இருக்காது. ஏர்பேக் லைட் எரிந்தால், மோதும்போது பை விரியும் என்று நம்ப முடியாது. இந்த இரண்டுக்கும் எங்கள் பக்கத்தில் எலிக்குப் பெரும் பங்கு உண்டு. தோட்டத்து வீடான சாளைக்குப் பக்கத்தில், மாட்டுத் தீவன மூட்டைகளுக்கு நடுவில் காரை நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்காமல் என்ன செய்யும்? பானெட்டுக்குள் புகையிலை வைத்தவர்கள் அதில் பலன் உண்டு என்கிறார்கள், எங்கள் தோட்டத்து எலிகள் புகையிலைக்குப் பழகிவிட்டன.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு வாங்கிய டீசல் வண்டிகளில் இன்னொரு லைட், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டிக்கானது. திருப்பூருக்குள் வீட்டுக்கும் கம்பெனிக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி வரும். கரியை எரித்துச் சுத்தம் செய்யும் அளவுக்கு சைலன்சர் சூடாவதே இல்லை. இந்த லைட் மட்டும் தனியாக எரிந்தால் அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். ஓட்டியே அணைக்கக்கூடிய லைட் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பெருந்துறையில் பார்த்த கார்

இந்த விஷயத்தில் என் எண்ணம் இறுகியது மாப்பிள்ளையோடு பழைய கார் பார்க்கப் போனபோது. மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர், சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறார். பெருந்துறையில் ஒரு தரகர் காட்டிய டீசல் கார் பார்க்க லட்சணமாக இருந்தது. தெரிந்த எலக்ட்ரீஷியனையும் கூட்டிப் போயிருந்தோம். தரகர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைத்து, “பாருங்கள், ஒரு லைட்டாவது எரிகிறதா?” என்றார். எரியவில்லை. எலக்ட்ரீஷியன் ஒன்றும் பேசாமல் இன்ஜினை அணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினார். அப்போது லைட்டுகள் எல்லாம் ஒரு முறை எரிந்து காட்ட வேண்டும், ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் சில நொடிகளில் அணையும், ஆயில், பேட்டரி, இன்ஜின் லைட்டுகள் ஸ்டார்ட் ஆகும் வரை நிற்கும். இன்ஜின் லைட் இருக்க வேண்டிய இடம் கறுப்பாகவே இருந்தது.

பல்ப் போயிருக்கும் என்றார் தரகர். எல்.இ.டி. அவ்வளவு சுலபமாகப் போகாது என்றார் எலக்ட்ரீஷியன். பிறகு ஸ்கேனரைச் சொருகினார். எர்ரர்கள் வரிசையாக வந்தன, புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு தொடர்பானவை. எனக்கு அவை பெரிதாகப் படவில்லை, பழைய டீசல் வண்டியில் வருவதுதான். என்னைத் தூக்கிவாரிப்போட்டது அதே திரையில் மேலே இருந்த ஒரு வரி. கம்ப்யூட்டர் இன்ஜின் லைட்டை எரியச் சொல்லி உத்தரவு கொடுத்திருக்கிறதா என்பதை ஸ்கேனர் தனியாகக் காட்டும். கொடுத்திருக்கிறது என்று இருந்தது. கார் தன் லைட் எரிந்துகொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. எங்கள் கண் முன்னால் மீட்டர் போர்டு இருட்டாக இருந்தது. நடுவில் யாரோ மீட்டரைக் கழற்றி, அந்த எல்.இ.டி.யை எடுத்தோ, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியோ விட்டிருக்கிறார்கள். “லைட்டை மட்டும் அணைத்துக் கொடுங்கள்” என்று கேட்டதற்கு ஒரு பட்டறை சொன்ன சொல் தவறாமல் செய்து கொடுத்த வேலை அது.

ஏர்பேக் லைட்டையும் இப்படி மறைக்கிறார்கள் என்று எலக்ட்ரீஷியன் திரும்பி வரும்போது சொன்னார். அதன் ஒயரைப் பக்கத்து லைட்டோடு சேர்த்துவிட்டால் சாவி திருப்பும்போது அதுவும் எரியும், பக்கத்து லைட் அணையும்போது அதுவும் அணையும், பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. ஆகவே எல்லாம் எரிகின்றனவா என்று பார்ப்பதோடு, எது எதோடு சேர்ந்து அணைகிறது என்றும் கவனிக்க வேண்டும். விற்பதற்கு முந்தைய நாள் எர்ரரை அழித்துவிட்டு வரும் வண்டிகளையும் பிடிக்கலாம். அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கைப் பெரும்பாலான வண்டிகளின் கம்ப்யூட்டர் வைத்திருக்கும், மலிவான ஸ்கேனரே அதைப் படித்துவிடும். லட்சக்கணக்கில் ஓடிய வண்டியில் அந்தக் கணக்கு மட்டும் ஒற்றை இலக்கத்தில் நின்றால் ஏன் என்று கேட்க வேண்டியதுதான்.

மாப்பிள்ளை அசரவில்லை. வால்வைச் சுத்தம் செய்ய என்ன ஆகும் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டு, அந்தத் தொகையைப் போல் இரண்டு மடங்கைத் தரகரிடம் குறைக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான், “உங்கள் தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும் அல்லவா, அப்படி நிற்காதபடி கட்டி வைத்து ஓட்டிய தறியை வாங்குவீர்களா?” என்று கேட்டேன். “விலை குறைந்தால் வாங்குவேன் மச்சான், வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவேன்” என்றார். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கட்டை அவிழ்க்கலாம், கட்டியவர் வேறு எதையெல்லாம் கட்டினார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குத்தானே விலையைக் குறைக்கிறோம் என்றார்.

தரகர் கேட்ட அளவுக்கு இறங்காததால் அந்தப் பேச்சு முறிந்தது, என் வாதத்தால் அல்ல. பிறகு கரூரில் ஒரு கார் பார்த்தோம். அதில் ஏ.பி.எஸ். லைட் எரிந்துகொண்டே இருந்தது. காரின் சொந்தக்காரர் நாங்கள் கேட்கும் முன்பே அதைச் சொல்லி, எர்ரர் எழுதிய சீட்டையும் எடுத்துக் காட்டினார். பின் சக்கரத்து சென்சாரில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது, சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. அந்தக் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் பெருந்துறைக் காரைவிட அதிகம் கொடுத்துவிட்டோம் என்று மாப்பிள்ளை இன்னும் சொல்கிறார். அந்தக் கார் கடைசியில் என்ன விலைக்குப் போயிற்று என்று தரகரிடம் விசாரித்தும் வைத்திருக்கிறார்.